ஊசிக்கு ஒரு மன்றாட்டு

இயேசு மரி சூசை

குருநகர்
14.4.1991

அன்புள்ள அத்தான்,

தையில் நீங்கள் போட்ட கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. கப்பல், வவுனியா, யாரோ ஒருவருடைய சட்டைப்பை என்று ஊரெல்லாம் சுற்றி வந்திருக்கிறது. மெற்றில்டாவுக்குக் கீழ்ப்பல் இரண்டும் வந்துவிட்டன. கையில் அகப்படுவதெல்லாம் வாய்க்குள்தான். உங்கள் தங்கச்சி அற்புதராணியின் சம்பந்தம் நல்லபடி போகிறது. பாசையூரார் வந்து பார்த்துப் போனார்கள். பிள்ளை தூங்கிய பிறகு தேங்காயெண்ணெய் விளக்கில் எழுதுகிறேன். எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல செய்தி அவ்வளவும்தான். போன கிழமை சிமியோனின் பாயை உதறியபோது மருந்தேற்றும் ஊசியொன்று விழுந்தது. பிள்ளை தவழ்கிற இடம். கேட்டேன். உங்கள் தம்பி ஒன்றையும் மறைக்கவில்லை.

"அண்ணி, செல்லடி பட்ட காலிலை நோ நிண்டிட்டுதாம், டொக்டர் சொன்னவர். அவருக்கு நிண்டிட்டுது, எனக்கு நிக்கேல்லை."

நோவுக்கான மருந்து இந்தியாவிலிருந்து வள்ளத்தில் வருகிறதாம். மருந்து வருகிறது, ஊசி வருவதில்லை. கடற்கரையில் மீன்வாடியில் இருக்கும் பெடியள் எல்லாருக்கும் ஒரே ஊசிதான். விளக்குக்கே மண்ணெண்ணெய் இல்லாத ஊரில் அதை யார் அவிக்கப் போகிறார்கள்? கத்தரீனா அக்காவின் மகன் அருட்பிரகாசம் மாசியில் கண் மஞ்சளாகிச் செத்தான். காய்ச்சல் என்று ஊர் சொன்னது. நானும் அப்படித்தான் சொன்னேன். விலங்கியல் படித்த எனக்கு இரத்தத்தோடு என்னென்ன பரவும் என்று தெரியாதா?

டொக்டர் செபநாயகத்திடம் போனேன். "நிவாரணக் கப்பல்காரரிட்டைப் புது ஊசி கேக்கலாம், பிள்ளை. எத்தினை பேருக்கு எண்டு கேப்பினம். குருநகரிலை ஊசி போடுறவை ஒருதருமில்லை எண்டுதானே எல்லாரும் சொல்லுகினம். ஆளில்லாத வருத்தத்துக்கு நான் ஊசி கேக்கேலுமோ?" என்றார்.

அப்படியென்றால் யாராவது வீடு வீடாகப் போய்க் கேட்டு வரத்தானே வேண்டும். நான் போகப் போகிறேன்.

உங்கள்
பெர்னடெட்


சூரிச்
9.6.1991

அன்புள்ள பெர்னடெட்டுக்கு,

உமது கடிதத்தைக் கோப்பை கழுவுகிற இடத்திலேயே நின்று வாசித்தேன். கை ஈரத்தில் பாதி மை கரைந்துவிட்டது. மீதியையும் வாசிக்காமல் விட்டிருக்கலாம்.

இங்கே ஆற்றோரம் ஒரு பூங்கா இருக்கிறது. நூற்றுக்கணக்கில் ஊசி போடுகிறவர்கள் அதற்குள்ளே கிடக்கிறார்கள். கழுத்தில் போடுகிறவனை என் கண்ணால் கண்டேன். பிள்ளைகளோடு வருகிற தாய்மார் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் பாராமல் கடந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் கடக்கிறேன். என் தம்பி அப்படிப் போனான் என்று ஒருவரும் எனக்கு எழுத வேண்டாம்.

அவனை வாடியில் போய் இருக்கச் சொல்லும். பிள்ளை தவழுகிற வீட்டில் இருக்கக் கூடாது. நீர் வீடு வீடாகப் போகவும் வேண்டாம். ஐயாவும் அம்மாவும் இல்லாத வீடு அது, தங்கச்சியைக் கரைசேர்க்க வேண்டியது நான். இந்தக் கதை பாசையூருக்குப் போனால் அவளை ஆர் எடுப்பான்? நீர் படித்தவர். படித்தவர் வாயை எப்போது மூட வேண்டும் என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

மெற்றில்டாவின் படம் ஒன்று அனுப்பும். பல்லோடு.

மரியரட்ணம்


இயேசு மரி சூசை

குருநகர்
3.8.1991

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதம் வருமுன்பே நான் போய்விட்டு வந்துவிட்டேன். கோபிக்காதீர்கள். கோபித்தாலும் அது வந்துசேர இரண்டு மாதம் ஆகும்.

ஆனால் போன விதம் பிழை. நல்லது என்று நினைத்துச் புது ஊசி வேண்டியவர்கள் என்னிடம் சொல்லலாம் என்று பங்குச் சுவாமியைப் பூசையில் அறிவிக்கச் சொன்னேன். பிறகு வெள்ளைச் சீலை உடுத்துப் பட்டப்பகலில் படலை படலையாகத் தட்டினேன். என்னைக் கண்டதும் சனத்துக்குப் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூப்பிட வந்த மாதிரி ஆகிவிட்டது. "இஞ்சை அப்பிடி ஒருதருமில்லை. அங்காலை ஒழுங்கையிலை கேளும்." அங்காலை ஒழுங்கையில் கேட்டால் இங்காலை கைகாட்டினார்கள். கத்தரீனா அக்கா வலையூசியால் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தா. தலை நிமிர்த்தாமலே சொன்னா:

"எங்கடை வீட்டிலை ஊசி எண்டால் இதுதான், பிள்ளை. வேணுமெண்டால் கொண்டு போ."

மகன் செத்து ஆறு மாதம்கூட இல்லை, அத்தான். அவவின் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து சோர்ந்து இருந்தேன். சிமியோன் சிரித்தான். "ஊர் முழுக்கக் கேட்டியள், அண்ணி. எங்கடை படலையைத் தட்டி ஆரும் கேட்டால் நீங்கள் என்ன சொல்லுவியள்?"

ஒருவருமில்லை என்றுதானே நானும் சொல்லியிருப்பேன்.

ஐப்பசியில் மாதா சுருபம் ஒழுங்கை வழியே வீடு வீடாக வரும். செபமாலை முடிந்ததும் அந்த வீட்டார் தங்கள் மன்றாட்டைச் சத்தமாகச் சொல்ல, மற்றவர்கள் அதற்காக ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொல்வார்கள். உங்களுக்குத் தெரியாததா, உங்கள் பயணத்துக்கும் அப்படித்தானே சொன்னோம். இந்த முறை எங்கள் வீட்டில் சிமியோனின் பெயரைச் சொல்லப் போகிறேன். அவனிடம் கேட்டுவிட்டேன். "சொல்லுங்கோ, நானும் பக்கத்திலை இருக்கிறன்" என்றான். அற்புதராணியிடமும் சொன்னேன். அன்றிலிருந்து அவள் என்னோடு கதைப்பதில்லை. பிள்ளையைத்தான் தூது விடுகிறாள்: "மெற்றில்டா, சோறு ஆறுதெண்டு கொம்மாவுக்குச் சொல்லு."

வாடிக்கு அவனை அனுப்ப மாட்டேன். அங்கே இருப்பது அந்த ஒரே ஊசி. இங்கே, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் அவன் கொண்டுவருவதைப் போட மூடியுள்ள தகரம் ஒன்று வைத்திருக்கிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் பூங்காவில் அவர்களுக்கு யாராவது புது ஊசி கொடுக்கிறார்களா? கொடுத்தால் ஏன் கொடுக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கடக்கிற போது ஒருமுறை நில்லுங்கள், அத்தான்.

உங்கள்
பெர்னடெட்


இயேசு மரி சூசை

குருநகர்
2.11.1991

அன்புள்ள அத்தான்,

உங்களிடமிருந்து பதில் இல்லை. கப்பல் பிந்தியதா, நீங்கள் எழுதவில்லையா என்று எனக்குத் தெரியாது. நடந்ததை எழுதுகிறேன்.

மாதா எங்கள் வீட்டுக்கு வந்த அன்று விறாந்தை நிறையச் சனம். பாசையூர் மாப்பிள்ளையின் பெரியம்மாவும் வந்திருந்தா. செபமாலை முடிந்தது. மெற்றில்டா மடியிலிருந்து சங்கிலியை இழுத்தாள். சொன்னேன்:

"எங்கடை சிமியோன் ஊசி போடுறவன். அவனுக்குச் சுத்தமான ஊசி கிடைக்க வேணும், அவன் சாகக் கூடாது. அதுக்காக."

பெரியம்மா செருப்பைத் தேடினா. சிமியோன் தலை குனியாமல் அப்படியே இருந்தான். செபம் சொல்லுகிற அண்ணை அடுத்த வீட்டுக்குப் போவதற்காகச் சுருபத்தைத் தூக்கக் கை வைத்துவிட்டார். அப்போது மூலையிலிருந்து கத்தரீனா அக்கா, "வையடாப்பா மாதாவை! மன்றாட்டுச் சொன்னால் செபம் சொல்லாமல் எங்கை ஓடுறாய்?" என்று சத்தம் போட்டு, தனியாகவே அருள் நிறைந்த மரியே தொடங்கினா. பாதியில் குரல் உடைந்தது. மீதியை மற்றவர்கள் பிடித்தார்கள். முடிந்ததும், "என்ரை பெடியனுக்கும் உதுதான். காய்ச்சலில்லை" என்றா.

அடுத்த நாள் இரண்டாம் ஒழுங்கையில் ஒரு வீட்டார், "எங்கடையும் பெர்னடெட் வீட்டு மன்றாட்டுத்தான்" என்றார்கள். அதோடு நிறுத்திக்கொண்டார்கள், பெயர் சொல்லவில்லை. பிறகு இன்னொரு வீடு. சிலர் சபையில் சொல்லாமல் பின்பக்கத்தால் வந்து, உப்புக் கேட்கிற சாட்டில் சொல்லிப் போனார்கள். மூன்றாம் கிழமைக்குள் பதினேழு வீடு. பெயர்களைக் கொடுக்காமல் எண்ணிக்கையை மட்டும் டொக்டரிடம் சொன்னேன். "பதினேழு வீடு வாய் திறந்ததெண்டால் திறவாத வீடு எத்தினை இருக்கும்?" என்று சொல்லி இரண்டு மடங்காகக் கேட்டு எழுதினார். வருகிற கப்பலில் அனுப்புவதாகப் பதில் வந்திருக்கிறது.

அருட்பிரகாசம் படுத்த அறையை அக்கா ஒழித்துத் தந்திருக்கிறா. கப்பல் வந்ததும் அங்கே பழைய ஊசியைக் கொண்டு வந்தால் புது ஊசி. யாரென்று கேட்கப் போவதில்லை.

சம்பந்தம் குழம்பிவிட்டது. பெரியம்மா மறுநாளே சொல்லி அனுப்பினா. உங்கள் தங்கச்சி இரண்டு நாள் சாப்பிடவில்லை. அது என்னால்தான், அதற்கு நான் சமாதானம் சொல்லவில்லை. நேற்று அவள் பஞ்சும் துணியும் கிழித்து அக்கா வீட்டுக்குக் கொண்டு போனாள். என்னோடு இன்னும் கதைக்கவில்லை.

சிமியோன் விட்டுவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். விடவில்லை. கண் வெள்ளையாக இருக்கிறது. தினமும் விடிய அவனை வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து பார்க்கிறேன்.

நீங்கள் கோபமாகவே இருந்தாலும் எழுதுங்கள்.

பெர்னடெட்


சூரிச்
22.12.1991

அன்புள்ள பெர்னடெட்டுக்கு,

ஆவணியிலும் கார்த்திகையிலும் போட்ட கடிதங்கள் இரண்டும் ஒன்றாக வந்தன. தங்கச்சியின் விஷயத்தில் எனக்கு உம்மேல் கோபம்தான். அது லேசில் ஆறாது. இருக்கட்டும்.

பூங்காவில் நின்று கேட்டேன். பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுக்கிறார்கள். ஏன் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் கேட்டேன். கொடுக்கிற பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "சாகிற ஆளை எப்படித் திருத்துகிறது?" என்றாள். உம்மைவிட வயது குறைவு. உம்மைப் போலத்தான் வாய்.

போன ஞாயிறு தமிழ்ப் பூசை. பாதி குருநகர் சனம், மீதி பாசையூர். மன்றாட்டு உள்ளவர்கள் சொல்லலாம் என்றார் சுவாமி. எழும்பி நின்றேன்.

தம்பிக்குச் சொல்லும்: அவன்ரை பெயரைச் சொல்லித்தான் கேட்டனான்.

உமது
மரியரட்ணம்