பெர்பெத்துவா அபொண்டியின் பெட்டி

ஜூன் 8, ஞாயிறு

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், மூடிவிடுங்கள். ஒருவருக்கும் காட்டாதீர்கள். விடுதியில் விளக்கணைத்த பிறகு எழுதியது தெரிந்தால் ஒரு வாரம் மைதானத்தில் புல் வெட்ட வேண்டும்.

இன்று என் பக்கத்துக் கட்டில் அபொண்டிக்கு ஞானஸ்நானம். இனி அவள் பெர்பெத்துவா அபொண்டி.

"முழுப் பேரச் சொன்னாத்தான் திரும்புவேன்" என்று சாப்பிடும்போது ஒரே அலட்டல்.

"தட்டுல கெடக்கிற ஓமேனாப் பொடி மீனுக்கும் ஒரு பேரு வைடி" என்றேன்.

மாலையில் மருந்தறைக் கணினியில் நானே அவள் பெயரைத் திருத்தினேன். அந்த நிரலை எழுதியதும் நான்தான். பெயரையும் சேர்க்கை எண்ணையும் தட்டினால், அந்தப் பெண்ணுக்கு ஆகாத மருந்தைச் சிவப்பில் காட்டும். கிசுமு நகரத்துப் போட்டியில் பரிசு வாங்கியது.

ஜூன் 12

அபொண்டிக்குத் தொண்டை வீங்கிக் கடும் காய்ச்சல். பிதற்றுகிறாள். நர்ஸ் ரோஸலிடா மருந்தறைக்குத் தூக்கிப் போனார்.

ஜூன் 13

அபொண்டி இல்லை.

ஜூன் 15

பென்சிலின் ஊசி. போட்ட கால்மணி நேரத்தில் மூச்சு நின்றுவிட்டதாம். அவளுக்கு அது ஆகாது என்று முதல் வருடமே பதிந்திருந்தோமே!

தலைமையாசிரியை அறைக்கு வெளியே நின்று கேட்டேன்.

"பேரு, நம்பரு ரெண்டும் சரியாத்தான் அடிச்சேன் மேடம். ஆகாத மருந்துன்னு பதிவே இல்லேன்னு வந்துச்சு."

"மிஷின் மேல பழி போடாதீங்க ரோஸலிடா. அது பரிசு வாங்குனது."

ஜூன் 16

மருந்தறைக் கணினியில் அதே எண்ணைப் போட்டுச் சோதித்துப் பார்த்தேன். புதுப் பெயர்: பதிவு இல்லை. பழைய பெயர்: சிவப்பு எழுத்து.

இதை எழுதிவிடுகிறேன். நிரல் பதிவுகளைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து வைக்கும். எந்தப் பெட்டி என்பதை ஒரு கணக்குச் சொல்லும். சேர்க்கை எண் ஒன்றானால் ஆள் ஒன்று என்று எழுதியவள், பெட்டிக் கணக்கை மட்டும் பெயரிலிருந்து போட்டேன். ஒரே ஆள் என்றால் ஒரே பெட்டி வரவேண்டாமா? பெயர் மாறியது, பதிவு பழைய பெட்டியிலேயே கிடந்தது. நர்ஸ் கேட்டபோது அது புதுப் பெட்டியைத் திறந்து பார்த்து இல்லை என்றது. அபொண்டி பக்கத்துப் பெட்டியில் இருந்தாள். இருந்தாள்!

ஒரு தடவை மின்சாரம் போய்க் கணினி நின்று மறுபடி ஓடியிருந்தால்கூட, எல்லாப் பதிவும் இப்போதுள்ள பெயரின்படி புதிதாக அடுக்கப்பட்டிருக்கும். நிற்கக் கூடாதென்று சூரிய பேட்டரி கேட்டு வாங்கி மாட்டியதும் நான்தான்.

ஜூன் 17

கணினி ஆசிரியர் ஒடியாட்டோவிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார்.

"வாயத் தொறக்காத. உன் படிப்பும் போயிரும், பள்ளிக்கூடத்து பேரும் போயிரும். நர்ஸம்மா பெரியவங்க, சமாளிச்சுக்குவாங்க."

தலையாட்டினேன். ஏன் தலையாட்டினேன்?

ஜூன் 18

நாளை மறுநாள் நர்ஸ் மேல் விசாரணை. நர்ஸ் ரோஸலிடா இப்போதே துணிமணிகளை அட்டைப்பெட்டியில் அடுக்குகிறார். வாசலில் நான் நிற்பதைப் பார்த்தார்.

"என்னம்மா இப்படி எளச்சுப் போயிட்ட? சாப்டியா?"

ஓடி வந்துவிட்டேன்.

ஜூன் 19

எல்லாவற்றையும் நான்கு பக்கத்தில் எழுதினேன். பழைய பெயருக்கும் புதுப் பெயருக்கும் வந்த பதில்களை அச்செடுத்து இணைத்தேன். கீழே என் பெயர், அஜ்வாங், சேர்க்கை எண். சாயங்காலம் தலைமையாசிரியை வீட்டுக் கதவடியில் தள்ளினேன்.

மருந்தறைக் கணினியைத் தொடவில்லை, அவர்களே பார்க்கட்டும். ஆய்வகத்தில் உள்ள என் பிரதியில் மட்டும் பெட்டிக் கணக்கையும் சேர்க்கை எண்ணிலிருந்தே வரும்படி மாற்றினேன். ஒரே ஒரு வரி. பிறகு அவள் பெயரை மாற்றி, முழுப் பெயரையும் தட்டினேன். பெர்பெத்துவா அபொண்டி.

திரும்பினாள். சிவப்பில். பென்சிலின் கூடாது.

இப்போது வந்து என்னடி செய்ய?

மருந்தறையில் இன்னும் விளக்கு எரிகிறது. என் நான்கு பக்கத்தோடு அங்கே போன தலைமையாசிரியையின் குடை வாசலில் சாத்தியிருக்கிறது. உள்ளே யாரோ அழுவது ஜன்னல் வழியாகக் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

நடையில் செருப்புச் சத்தம். கதவைத் தட்டுகிறார்கள்.

"அஜ்வாங், நான்தாம்மா, ரோஸலிடா. தொற."

அவரிடம் நான் எப்படி