கட்டியிருக்கு

கூக்கால்,
20-1-2025

அன்புத் தங்கை மணிமேகலைக்கு,

நானும் உன் மதினி வடிவும் சுகம். இங்கே டவர் மறுபடி படுத்துவிட்டது. அதனால் லாரிக்காரர் நல்லசாமியிடம் இந்தக் கடிதம்.

இரண்டு மாதமாக வலது மூக்கு மட்டும் அடைத்தே கிடக்கிறது. சிந்தினால் ரத்தம் கலந்து வருகிறது. பூண்டு மூட்டைக்குள் தலையை விட்டாலும் வாசனை இல்லை. "பூண்டுக்காரருக்கு மூக்கு எதுக்குங்க, வெலை தெரிஞ்சாப் போதாதா?" என்று வடிவு கேலி செய்கிறாள்.

வத்தலக்குண்டில் ஸ்கேன் எடுத்தவர், "உள்ள கட்டியிருக்குங்க, வெரசா மதுரையில காட்டுங்க" என்றார். தங்கை மருந்துக்கடையில் இருக்கும்போது சளி கட்டியதற்கு மதுரை எதற்கு? நல்ல மருந்தாகக் கொடுத்துவிடு.

அன்பு அண்ணன்,
வேலுமணி

பழனி,
24-1-2025

அன்பு அண்ணனுக்கு,

சளி கட்டினதற்கா ஸ்கேன் வரைக்கும் போனீர்கள்? பத்து நாளைக்கு மாத்திரையும் ஒரு பாட்டில் சொட்டு மருந்தும் அனுப்பியிருக்கிறேன். ஆவி பிடியுங்கள். மஃப்ளர் இல்லாமல் தோட்டத்துக்குப் போகாதீர்கள். சொன்னால் கேட்கவா போகிறீர்கள்! பொங்கலுக்கு வராத கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, மதினியிடம் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
மணிமேகலை

கூக்கால்,
9-3-2025

மணிமேகலைக்கு,

உன் மருந்தை மூன்று தடவை வாங்கித் தின்றேன். இப்போது வலது கண் முன்னால் தள்ளி நிற்கிறது. கன்னம் மரத்துவிட்டது, மேல்பல் இரண்டு ஆடுகிறது. வடிவு அழுது மதுரைக்கு இழுத்துப் போனாள். மூக்கு வழியாகத் துளி சதை எடுத்தார்கள். இன்னதென்று சொல்ல முடியாமல் வேறு ஊருக்கு அனுப்பி, பல சாயம் போட்டுப் பார்த்து, பதினைந்து நாள் கழித்துச் சொன்னார்கள்.

புற்றுநோய். சைனஸில் வருவதே அபூர்வமாம், அதிலும் இது வெகு வேகமான வகையாம். மருந்து ஏற்றிச் சுருக்கிவிட்டு அறுக்க வேண்டுமாம். கண்ணும் மேலண்ணத்தில் பாதியும் போகலாம். முடியாது என்று வந்துவிட்டேன். அரை முகத்தோடு எந்தச் சந்தையில் போய் நிற்பேன்?

வேலுமணி

பழனி,
13-3-2025

அண்ணா,

நல்லசாமி அண்ணனை நிறுத்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் ஜனவரிக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். ஸ்கேன்காரர் சொன்னது 'கட்டி இருக்கு'. நீங்கள் 'கட்டியிருக்கு' என்று சேர்த்து எழுதினீர்கள், நானும் சேர்த்தே படித்தேன்.

ஒரே பக்கம் அடைப்பு, அதோடு ரத்தம் என்று முன்பின் தெரியாதவர் வந்து சொல்லியிருந்தால், மருந்து கொடுக்காமல் டாக்டரிடம் விரட்டியிருப்பேன். எழுதினது என் அண்ணன் என்பதால் கேலி செய்தேன். ஸ்கேன் தாளைக்கூடக் கேட்கவில்லை. ஒரு மாதம் என்னால் போயிற்று. என்னைத் திட்டுங்கள், என் வீட்டுப் படி ஏறாதீர்கள். ஆனால் மதுரைக்குத் திரும்பிப் போங்கள். ஒற்றைக் கண்ணோடாவது நீங்கள் எனக்கு வேண்டும்.

மணிமேகலை

மதுரை,
31-5-2025

அன்புத் தங்கைக்கு,

வாயெல்லாம் புண். போனில் பேசினால் என் பேச்சு எனக்கே புரியவில்லை. பார்க்க வந்த நல்லசாமியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

மூன்று தடவை மருந்து ஏற்றியாகிவிட்டது. கட்டி பாதியாகச் சுருங்கியும் கண்ணைக் காப்பாற்ற வழியில்லையாம். வியாழக்கிழமை ஆபரேஷன். பிறகு கதிர் சிகிச்சை. பிழைப்பேனா என்று கேட்டேன். "பாதிக்குப் பாதிங்க" என்றார் டாக்டர். ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

ஏப்ரலில் நீ வார்டுக்கு வந்தபோது நான் தூங்கவில்லை. உன் முகம் பார்க்கப் பிடிக்காமல்தான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். அந்தக் கோபம் முழுக்கப் போய்விட்டதென்று பொய் சொல்ல மாட்டேன். ஸ்கேன்காரர் அன்றே மதுரைக்குப் போகச் சொன்னதைக் கேட்காதவனும் நான்தான், அதுவும் தெரிகிறது.

இன்று நர்ஸ், "கையெழுத்துப் போட யாருங்க வருவாங்க?" என்று கேட்டாள். வடிவு தாளைப் பார்த்தாலே எழுந்து வெளியே போய்விடுகிறாள். உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். புதன்கிழமை வெள்ளனே வந்துவிடு. எழுதியிருப்பதை ஒரு வரி விடாமல் எனக்குப் படித்துச் சொல், அப்புறம் போடு.

உன் அண்ணன்,
வேலுமணி