லெஸ்லியின் செத்தவீடு

வோபர்ன்
6 ஒக்டோபர் 2025

மச்சாளுக்கு,

சுகம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. போனில் கேட்கலாம் என்றால் என் காதுக் கருவி விசிலடிக்கிறது. நீங்கள் கத்தினால் அஜக்ஸ் முழுக்கக் கேட்கும். அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை உங்கள் மருமகள் மதுரா போன் எடுத்து, "மாமி குழறி அழுறா. லெஸ்லி போயிட்டானாம். ஆரெண்டு கேட்டால் சொல்லேலாமல் அழுறா" என்றாள். நான் என்ன நினைப்பேன்? உங்களுக்குப் பனி வழித்துத் தரும் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் என்று நினைத்தேன். நான் நாலு பேருக்குச் சொல்ல, அவர்கள் ஊருக்கே சொல்ல, செத்தவீட்டில் அடுப்பெரியக் கூடாது என்று ஆளுக்கொரு சட்டியோடு வந்து இறங்கினோம். நான் வெள்ளைச் சேலை கட்டி, கத்தரிக்காய்க் குழம்பை மடியில் வைத்துக்கொண்டு 401 நெடுஞ்சாலை நெரிசலில் கிடந்து வந்தேன். வந்தால் சவமும் இல்லை, படமும் இல்லை. தொலைக்காட்சியில் நீங்கள் பார்க்கும் ஆங்கிலச் சிரிப்பு நாடகத்தில் குடைக்கடை வைத்திருக்கும் ஒருவன் செத்துப்போனானாம்! மூக்கைச் சிந்தியபடி நீங்களே சொன்னீர்கள், அதுவும் தேவாரம் பாடி முடிந்த பிறகு.

என் அண்ணன் பத்மநாதன் உங்கள் புருஷன். தை மாதம் அவரைப் பெட்டியில் கிடத்தியிருந்தபோது உங்கள் கண்ணில் ஒரு சொட்டு வந்ததா? நான் தொண்டை கிழியக் குழறினேன். நீங்கள் சமையல்காரரிடம் வடை போதுமா என்று கேட்டுக்கொண்டு நின்றீர்கள். நீங்கள் பிறந்த திருகோணமலையில் அழுகிறதில்லையோ என்று சனம் கேட்டது. அப்போது பேசாமல் இருந்தேன், இனி இருக்க மாட்டேன். அண்ணனுக்கு இல்லாத கண்ணீர் லெஸ்லிக்கு எங்கிருந்து வந்தது? இதற்குப் பதில் இல்லாவிட்டால் வரும் தையில் அண்ணனின் திவசத்துக்குக்கூட உங்கள் வாசலை மிதிக்க மாட்டேன்.

சட்டியை மதுராவிடம் கொடுத்துவிடுங்கள்.

சந்திரவதனா

அஜக்ஸ்
15 ஒக்டோபர் 2025

அன்பான சந்திராவுக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. குழம்பு நல்ல ருசி. லெஸ்லி இருந்திருந்தால் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டிருப்பான். கோபிக்க வேண்டாம், பகிடிக்குச் சொன்னேன். வந்தவர்களிடம் உண்மையைச் சொல்லத்தான் வாய் திறந்தேன். அதற்குள் செத்தவீடுகளில் பாடும் அருள்நாயகம் அண்ணை தேவாரத்தைத் தொடங்கிவிட்டார். அதை இடையில் நிறுத்தலாமா?

உம்முடைய கேள்விக்கு வருகிறேன். உம்முடைய அண்ணனின் செத்தவீட்டன்று நேரலைக் கமராவை என் முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்கள். "அம்மா, இஞ்சால திரும்புங்கோ, லண்டன் ஆக்கள் பாக்கினம்" என்றார் கமராக்காரர். எல்லோரும் நான் எப்போது அழுவேன் என்று காத்து நின்றார்கள். வரவில்லை, சந்திரா. முயன்றும் பார்த்தேன். வாய்க்கு வேறொன்றும் வராததால்தான் வடையைப் பற்றிக் கேட்டேன். பிறகு வந்த மாதங்களிலும் அழுகை வரவில்லை. எனக்குள்ளே ஏதோ பழுதாகிவிட்டது என்று பயந்து போயிருந்தேன்.

அந்த நாடகம் உம்முடைய அண்ணன் பார்த்தது. எனக்குப் பகிடி விளங்காது. அவர் சிரிக்க நானும் சிரிப்பேன். அவர் போனபின் தனியே பார்க்கப் பார்க்க மெல்ல விளங்கத் தொடங்கியது. லெஸ்லி சரியான சோம்பேறி. கடைக்கதவு மணி அடித்தால் எழும்ப மாட்டான். மனைவி மக்டலீன் உள்ளேயிருந்து, "லெஸ்லி, மணி!" என்று கத்துவாள். அவன், "காத்தாயிருக்கும்" என்பான். ஒவ்வொரு வாரமும் இதே கூத்துத்தான், ஆனாலும் சிரிப்பு வரும்.

கடைசிக் கதையில் அவன் செத்துவிட்டான். அவள் கடையைத் திறக்கிறாள். மணி அடிக்கிறது. பழக்கதோஷத்தில், "லெஸ்லி, மணி!" என்கிறாள். நாடகத்தில் பின்னாலிருந்து சிரிக்கிற சனம் சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு ஒரு சத்தமும் இல்லை. அவள் கதவைப் பார்த்துவிட்டு, "காத்தாயிருக்கும்" என்றாள்.

உம்முடைய அண்ணனும் ஒருநாளும் எழும்பிக் கதவு திறந்தவரில்லை. சிரித்த வாய் மூட முதலே எனக்கு அழுகை வந்துவிட்டது. வாயில் வந்தது லெஸ்லியின் பெயர்தான். யாருக்காக அழுகிறேன் என்று எனக்குத் தெரியும்.

சட்டி கழுவி வைத்திருக்கிறேன். வந்து எடும்.

உம்முடைய மச்சாள்
தெய்வநாயகி

வோபர்ன்
10 நவம்பர் 2025

மச்சாள் அறிவது,

நீங்கள் எழுதியதை அப்படியே நம்பிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். விசாரித்துப் பார்ப்பதற்காக லைப்ரரியில் அந்த நாடகத்தின் முழுத் தொகுதியையும் எடுத்து முதலிலிருந்து பார்க்கிறேன். மக்டலீனுக்கு வாய் அதிகம். லெஸ்லியின் தம்பி மாக்கஸ் முழுக் கள்ளன், வெயில் காலத்தில் அண்ணனின் கடையை விற்கப் பார்க்கிறான். பின்னாலிருந்து சிரிக்கிறார்களே, அவர்கள் யார்? நான் எப்போது சிரிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தருகிறார்களோ?

ஆனால் ஒன்று. லெஸ்லி கடையில் இருந்த கடைசிக் குடையையும் விற்றுவிட்டு, மழையில் தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்து, "நடந்து வந்தது, வேர்த்துப்போச்சு" என்கிறானே, அங்கே நான் சிரித்த சிரிப்பில் காதுக் கருவி கழன்று தேத்தண்ணிக்குள் விழுந்துவிட்டது. அண்ணனும் இப்படித்தான் முகம் மாறாமல் புளுகுவார்.

இது சமாதானம் இல்லை. சட்டி அங்கேயே இருக்கட்டும்.

சந்திரவதனா

அஜக்ஸ்
17 நவம்பர் 2025

அன்பான சந்திராவுக்கு,

காதுக் கருவியை அரிசிக்குள் போட்டு வையும், காயும். மாக்கஸ் பிறகு திருந்துவான், திட்டாதேயும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். கடைசிக் கதையைத் தனியே இருந்து பார்க்க வேண்டாம். இங்கே வாரும், இல்லையென்றால் நான் வருகிறேன்.

தெய்வநாயகி

வோபர்ன்
8 டிசம்பர் 2025

அன்புள்ள மச்சாளுக்கு,

நீங்கள் சொன்னதைக் கேட்காமல் தனியேதான் பார்த்தேன். செத்தவீடுகளில் என் அழுகைக்கு இருக்கும் பெயர் உங்களுக்குத் தெரியும். கண் துடைக்க ரிஷ்யூப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரியிடமும், "சத்தம் கேட்டால் சோறு காய்ச்சிக்கொண்டு வந்திடாதேயுங்கோ, ஒருத்தரும் சாகேல்லை" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன்.

மணி அடித்தது. அவள் கூப்பிட்டாள். பிறகு, "காத்தாயிருக்கும்" என்றாள். எனக்கு ஒரு சொட்டும் வரவில்லை, மச்சாள். குழறத்தான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. படம் முடிந்து திரை கறுத்த பின்பும் அப்படியே இருந்தேன். மகள் சுபாங்கி வந்து, "என்னம்மா, அழேல்லையோ? சுகமில்லையோ?" என்று பயந்துபோய்க் கேட்டாள். "மெஷினுக்கை உடுப்புக் கிடக்கு, எடுத்துக் காயப்போடு" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை.

அண்ணனின் பெட்டிக்குப் பக்கத்தில் நீங்கள் நின்ற நிலை கண்ணுக்கு முன்னால் வந்தது. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் உங்களை எனக்குக் கேட்கவில்லை. எனக்கு இப்போது உங்களில் கோபம் இல்லை. பாவமாக இருக்கிறது, உங்களைப் பார்க்க ஆசையாகவும் இருக்கிறது.

திவசத்துக்கு முதல் நாளே வருகிறேன், சமையல் என் பொறுப்பு. சாப்பாடு முடிந்து சனம் போனபின் நாங்கள் இரண்டு பேரும் இருந்து பார்க்க ஏதாவது எடுத்து வையுங்கள். சிரிப்பு நாடகம் மட்டும் வேண்டாம், எனக்கு இனித் தாங்காது. கொலை, கொள்ளை, பேய் என்று மனதுக்கு இதமாக ஏதாவது இருக்கட்டும்.

உங்கள்
சந்திரா