இன்னைக்கு ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கோங்க

ஏங்க,

கிளினிக் வரைக்கும் போயிட்டு வரேன். சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடுங்க. மருந்துக் கடைக்காரர் உங்க மாத்திரையை வாசல்ல வெச்சிட்டுப் போவார். அவர் போன பிறகு கதவைத் திறங்க. பார்த்து நாளாச்சேன்னு கதை பேச ஆரம்பிச்சுடாதீங்க. ஊரெல்லாம் இந்த நோய், உங்க நெஞ்சோ ஏற்கெனவே ஓட்டை உடைசல்.

உடற்பயிற்சியை மட்டும் விட்டுடாதீங்க. எதிர்ப்பு சக்தி ஒரே நாள்ல வந்துடாது, இந்த வயசுல தினம் கொஞ்சமாவது உடம்பு அசையணும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல? எதிரெதிர் நாற்காலியில கையைக் கோத்துக்கிட்டு ரெண்டு பேரும் சேர்ந்து எழுந்து உட்காருவோமே, அதை இன்னைக்கு ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத் தனியா செய்யுங்க. மூச்சு வாங்கினா உட்கார்ந்துடுங்க. வீராப்பு வேண்டாம்.

என் தட்டு, டம்ளர் எதையும் தொடாதீங்க. நானே வந்து கழுவிக்கறேன்.

இன்னொண்ணு. நேத்து சாயங்காலம் நாற்காலியில உட்கார்ந்ததும் நான் உங்க கையை உதறிட்டேன். "என் கை கசந்து போச்சா?"ன்னு கேட்டுட்டு, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போய்ப் படுத்தீங்க. நானும் ஹால்லயே படுத்துட்டேன். கோவம்னு நினைச்சிருப்பீங்க. அப்படியே நினைச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்.

இடமில்லாம ஓரத்துல எழுதறேன். நேத்து மதியத்துலேருந்து எனக்குத் தொண்டை எரியுது, உடம்பும் சுடுது. டெஸ்ட் எடுக்கத்தான் போறேன். நேர்ல சொல்லியிருந்தா நீங்களும் கூடவே கிளம்பி, வழியெல்லாம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு வருவீங்க.