ஆணியில் மாட்டிய இங்கிலீஷ்

அன்பு மகனுக்கு அப்பா சொல்லச் சொல்ல சின்ன மருமகள் எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம், அங்கே நீயும் பெரிய மருமகளும் பேத்தியும் முழங்கால் உட்பட சுகம்தானே. வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது, உன் தம்பி பிடித்த பிடியாக வாங்கிவந்த பச்சையைப் பார்த்தால் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது, நான் வாயைத் திறக்கவில்லை.

போன தடவை போனில் பேத்தி உன்னிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாளே, என்ன என்று கேட்டதற்கு, தான் எதைக் கேட்டாலும் தாத்தா சும்மா சிரிக்கிறாராம் என்றாய். நீ விளையாட்டாகத்தான் சொன்னாய், எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் சின்ன மருமகளிடம் இங்கிலீஷுக்கு உட்கார்ந்தேன். எடுத்த எடுப்பில் ‘புட்’ என்று ஒரு சொல்லைக் கொடுத்தாள், வைப்பது என்று அர்த்தமாம். ஆயுசு முழுக்கக் கிடங்கில் மூட்டை வைத்தவனுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்தேன், அது லேசில் விடவில்லை. பின்னால் ஆன் வந்தால் உடுப்பைப் போடுவது, அவுட் வந்தால் நெருப்பை அணைப்பது, அவே வந்தால் எடுத்து உள்ளே வைப்பது, அப் வித் வந்தால் பல்லைக் கடித்துப் பொறுத்துப்போவது. நான் என்ன எழுதிப் படிக்கிறவனா, கிடங்கில் எந்தச் சரக்கு எந்த மூலையில் என்று இடத்தை வைத்து ஞாபகம் வைத்த மாதிரி இதையும் வீட்டுக்குள் அடுக்கிவிட்டேன். சட்டை மாட்டும் ஆணியில் ஆன், அடுப்பில் அவுட், பீரோவில் அவே, உன் சித்தப்பா வந்தால் உட்காரும் நாற்காலியில் அப் வித்.

பெயிண்ட் அடிக்கிறேன் என்று சின்ன மருமகள் ஆணியைப் பிடுங்கி, அடுப்பைக் கொண்டுவந்து ஆணி இருந்த சுவரோரம் வைத்துவிட்டாள். அன்றைக்குப் பார்த்துப் பேத்தி வீடியோ போனில் வந்தாள், மெல்லிசுச் சட்டையோடு நடுங்கிக்கொண்டு. ஸ்வெட்டர் போடச் சொல்லலாம் என்று ஆணிப் பக்கம் திரும்பினால் அடுப்பு நிற்கிறது. புட் அவுட் யுவர் ஸ்வெட்டர் என்று கம்பீரமாகச் சொன்னேன். ஸ்வெட்டர்ல தீயா பிடிச்சிருக்கு தாத்தா என்று கேட்டாளாம், விழுந்து விழுந்து சிரித்தாள். விஷயத்தைச் சின்ன மருமகள் விளக்கியதும், எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று வீடு முழுக்கக் காட்டச் சொன்னாள். சித்தப்பா நாற்காலிக்கு அவள் சிரித்ததை அவரிடம் சொல்லித் தொலைக்காதே. கடைசியில் போனுக்குச் சார்ஜ் போடும் இடத்துச் சுவரில் என்ன என்று கேட்டாள். புட் ஆஃப் என்றேன், தள்ளிப்போடுவது. லீவு இல்லை, வீடு மாறுகிறோம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று நீ சொல்லும்போதெல்லாம் நான் நின்று கேட்கிற இடம் அதுதான், அதனால் சொல்லிக்கொடுத்த உடனே மனசில் ஏறிய சொல்லும் அது ஒன்றுதான். பிள்ளை அதற்குச் சிரிக்கவில்லை. அப்புறம் ‘நோ மோர் புட் ஆஃப், தாத்தா’ என்றாள், சின்ன மருமகள் சொல்லாமலே எனக்குப் புரிந்தது.

பெயிண்ட் காய்ந்துவிட்டது. ஆணியும் அடுப்பும் பழைய இடத்துக்குப் போய்விட்டன, சார்ஜ் போடும் அந்தச் சுவரை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன். இந்த லீவிலும் அதில் பழைய சொல்லையே மாட்ட வைத்துவிடாதேப்பா.

மூன்று பேரும் குறையில்லாமல், நோய்நொடி இல்லாமல் இருங்கள். டிக்கெட் எடுத்ததும் பேத்தியே எனக்குச் சொல்லட்டும், நீ நடுவில் வராதே.

இப்படிக்கு,
கீழே உள்ள கட்டைவிரல் ரேகைக்குச் சொந்தக்காரன்,
உன் அப்பா