மூன்று இருக்கை வண்டி

நவம்பர் 6, திங்கள்

காலை முழுதும் கட்டண அட்டவணையோடு போனது. வண்டிக் காப்பீட்டு முகவர் கடையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான், எல்லாம் மனப்பாடம். எஞ்சினின் குதிரைத்திறன், வண்டியின் வயது, முன்பு விபத்து உண்டா, எத்தனை இருக்கை. இவை எல்லாவற்றையும்விட, வண்டி எதற்காக ஓடுகிறது என்பது. ஒரே பிக்கப்தான். சொந்தப் பொருள் ஏற்றினால் ஒரு கட்டணம், வாடகைக்குச் சரக்கு ஏற்றினால் அதைவிட அதிகம், ஆட்களை ஏற்றினால் பல மடங்கு.

பதினொரு மணிக்கு லக்தர் மாமா வந்தார். எங்கள் ஊர்க்காரர். விடியும் முன்பே அம்மாவையும் மற்றப் பெண்களையும் ஆலிவ் தோப்புகளுக்குக் கொண்டுபோகிறவர். “போன வருஷம் தோலை உரிச்சிட்டாங்க பாப்பா. நீ நம்ம பிள்ளை, பார்த்துப் போடு” என்றார்.

பார்த்துப் போட்டேன். ‘வாடகைச் சரக்கு’ என்றிருந்ததை ‘சொந்தச் சரக்கு’ ஆக்கினேன். இருக்கை மூன்று: ஓட்டுநர், பக்கத்தில் இருவர். ‘பின்பகுதியில் ஆட்கள் ஏறுவது உண்டா?’ என்று படிவத்தில் ஒரு கட்டம். அவரிடம் கேட்காமலே ‘இல்லை’ என்று எழுதினேன். கேட்டிருந்தால் அவர் சொல்ல வேண்டிய பதில் எனக்கே தெரியும்.

மாலையில் அம்மாவுக்கு ஒரே பெருமை. மப்ரூக்காவின் மகள் மாதிரி உண்டா என்று லக்தர் பெட்டிக்கடை முழுக்கச் சொல்லிவிட்டாராம்.

நவம்பர் 7

அந்த ‘இல்லை’ என் கையெழுத்தில் இருக்கிறது.

நவம்பர் 19, ஞாயிறு

அம்மா பாவாடை விளிம்பைக் கணப்பருகே காயவைத்துக்கொண்டிருந்தாள். மழையே இல்லையே, எப்படி நனைந்தது என்று கேட்டேன். பெண்கள் ஏறுமுன் லக்தர் வண்டியின் தகரத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிடுவாராம். ஈரத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். நின்றால் இன்னும் ஏழெட்டுப் பேர் கொள்ளும்.

ரொட்டி கடன் வாங்க வந்திருந்த பக்கத்து வீட்டு ஸுஹ்ரா அக்கா சிரித்தாள். அவளும் அதே வண்டியில் போகிறவள். “ஆட்டைக்கூட இப்படிக் கழுவி ஏத்த மாட்டாங்கடி. நமக்குத்தான் அந்த மரியாதை.”

அம்மாவும் சிரித்தாள். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்து இது எனக்குத் தெரியாது.

நவம்பர் 30

வளைவில் நாய் குறுக்கே வந்ததாம். லக்தர் வண்டியை ஒடித்ததும் பின்கதவு திறந்துகொண்டு மூன்று பேர் ரோட்டில் விழுந்தார்கள். அம்மாவுக்கு உள்ளங்கை மட்டும் தேய்ந்தது. இன்னொருத்திக்குத் தோள்பட்டை. ஸுஹ்ரா அக்காவுக்கு இடது கால் இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. அறுவை செய்ய வேண்டும், செய்தாலும் பழையபடி நடப்பது சந்தேகம் என்கிறார்கள்.

அம்மா உயிரோடு இருக்கிறாள். அம்மா உயிரோடு இருக்கிறாள்.

டிசம்பர் 2, சனி

லக்தர் மாமா சர்க்கரைப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார். முகம் இரண்டே நாளில் கிழடு தட்டியிருந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்து வந்திருந்தார்.

“ஸுஹ்ரா வண்டியில ஏறவே இல்ல. ரோட்டோரமா நடந்து போனா, நான் இடிச்சிட்டேன். நடந்து போறவங்கன்னா இன்சூரன்ஸ் குடுக்கும்ல? நீயே சொல்லு பாப்பா.”

கொடுக்கும். சரக்குத் தட்டில் நின்றவளுக்கு என்றால் நிறுவனம் கையை விரிக்கும். இடித்ததாகச் சொன்னால் அவருக்குப் பழி ஏறும், அடுத்த வருடக் கட்டணம் ஏறும், அதற்கும் தயார் என்றார். அம்மா சாட்சி சொன்னால் போதுமாம்.

அவர் போனதும் அம்மா என்னைப் பார்த்தாள். “அவ காலு பெரிசா, உங்க காகிதம் பெரிசா?”

பொட்டலத்தை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

டிசம்பர் 3

தூங்கி எழுந்தும் அதே யோசனை. நிறுவனத்தின் ஆய்வாளர் வந்தால் முதலில் குனிந்து முன்பம்பரைத்தான் பார்ப்பார். லக்தரின் பம்பரில் ஒரு கீறல்கூட இல்லை. பொய் பிடிபட்டால் ஸுஹ்ரா அக்காவுக்கு ஒன்றும் கிடைக்காது, அம்மா காவல் நிலையத்தில் நிற்க வேண்டும்.

உண்மையை எழுதினால்? வழக்காடிப் பெற வேண்டியிருக்கும். என் ‘இல்லை’யும் வெளியே வரும்.

நான் யாருக்காகப் பயப்படுகிறேன்? அக்காவுக்காகவா, என் கையெழுத்துக்காகவா? — நேர்மையாகச் சொன்னால், தெரியவில்லை.

விபத்து நடந்ததை அறிவிக்க இன்னும் இரண்டு வேலைநாள்தான்.

டிசம்பர் 4, திங்கள்

கடையில் அனுமதி கேட்டு மருத்துவமனைக்குப் போனேன். ஸுஹ்ரா அக்காவிடம் எல்லாம் சொன்னேன். பம்பர், ஆய்வாளர், இரண்டு வழியிலும் என்ன ஆகும், கடைசியாக அந்தக் கட்டம். என் வாழ்க்கையில் இவ்வளவு நேரம் யாரிடமும் தொடர்ந்து பேசியதில்லை.

அவள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“அப்ப உனக்குத் தெரியும்.”

“தெரியும்க்கா.”

அவள் போர்வையை விலக்கிக் கட்டுப்போட்ட காலைப் பார்த்தாள். பிறகு, “இருபத்திரண்டு வருஷமா நின்னுக்கிட்டேதான் போயிருக்கேன். நடந்து போனேன்னு ஏன் சொல்லணும்? நின்னேன்னு எழுது. தண்ணி ஊத்தினான்னும் எழுது” என்றாள்.

டிசம்பர் 5

எழுதினேன். அம்மாவும் விழுந்த மற்ற இருவரும் ரேகை வைத்தார்கள். அம்மா என்னைப் பார்க்காமல் வைத்தாள்.

பழைய படிவத்தை எடுத்துக்கொண்டு முதலாளி திஜானியிடம் போனேன். ‘இல்லை’ என்பது லக்தர் சொன்னதல்ல, நான் எழுதியது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கோபப்படவில்லை. “அந்தக் கேள்வியை இந்த ஊர்ல யாரும் கேக்கறதில்லம்மா. கேட்டா எதிர்க்கடைக்குப் போயிடுவான்” என்றார். இருந்தாலும் தபாலை அவரே அனுப்பிவைத்தார்.

நாளை முதல் எனக்குப் பின்னறையில் கோப்பு அடுக்கும் வேலை.

ஜனவரி 17

நிறுவனத்தின் பதில் வந்தது. சரக்கு வண்டி, மூன்று இருக்கை, பொறுப்பேற்க இயலாது. ஸுஹ்ரா அக்கா வழக்குப் போடுகிறாள்.

லக்தரின் ஒப்பந்தம் ரத்து. வண்டி அவர் வாசலில் நிற்கிறது. அதனால் எங்கள் தெருவில் பதினெட்டுப் பெண்களுக்கு வேலை இல்லை, அறுவடை பாதியில் கிடக்கிறது. அவர் மனைவி அம்மாவிடம் பேசுவதில்லை. அம்மா என்னிடம் அதைப் பற்றிப் பேசுவதில்லை. திட்டித் தீர்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மே 14

சாட்சிக் கூண்டில் நின்றேன். நிறுவனத்தின் வக்கீல் மென்மையாகத்தான் கேட்டார்: அவர் பெண்களை ஏற்றுவது பத்திரம் எழுதும்போதே உங்களுக்குத் தெரியுமா?

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“எங்க அம்மாவும் அதுலதான் போனாங்க.”

திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் அம்மா. வரமாட்டேன் என்று சொல்லியிருந்தவள்.

ஜூன் 25

தீர்ப்பு. விதியை மீறியவர் லக்தர், அடிபட்டவள் அல்ல என்பதால் நிறுவனம் முதலில் ஸுஹ்ரா அக்காவுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும், பிறகு லக்தரிடம் வசூலித்துக்கொள்ளலாம். அவர் பிக்கப்பை விற்றுவிட்டார்.

அக்கா ஊன்றுகோலோடு வந்து எங்கள் வீட்டில் தேநீர் குடித்தாள். கால் மடங்காது. “இனிமே என்னை எவனும் நிக்கவைக்க முடியாதுடி” என்றாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

நவம்பர் 4, திங்கள்

மறுபடி ஆலிவ் காலம். இருட்டிலேயே அம்மா தலைத்துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள். யார் வண்டி என்று கேட்டேன். தெரியாத ஆளாம், அடுத்த ஊர்க்காரன்.

“பின்னாலயாம்மா?”

“வேற எங்க?”

என் சம்பளம் மட்டும் போதாது என்பது இருவருக்கும் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு சாலைவரை கூடவே போனேன். இதுவரை ஒரு நாளும் போனதில்லை. ஓட்டுநர் என்னைக் கண்டு ஏறு என்று கையசைத்தான். நான் ஏறவில்லை. முன்னால் போய் நின்று, விளக்கு வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கி எண் பலகையைப் படித்தேன். பிறகு பின்னால் வந்து எண்ணினேன். அம்மாவோடு பதினாறு பேர்.

மறந்துபோகுமுன் இங்கே எழுதிவைக்கிறேன். 171 துனீஸ் 4082.