பலோம்பாவின் காலணிகள்

சலோனிகா,
பஸ்கா கழிந்த வாரம், 1945

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ஹயீமுக்கு,

மைத்துனன் விதால் வணக்கம் சொல்லி எழுதுவது. எகிப்து ராணுவ முகாமில் நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டு, துறைமுகமே திரும்பிப் பார்க்கும்படி ஆடினேன். உங்கள் மனைவி புவேனாவும் மகள் பலோம்பாவும் சுகம். அவர்களை மலைக்குக் கூட்டிப்போய்க் காப்பாற்றியது யார் என்று நானே சொல்லிக்கொண்டால் நன்றாக இருக்காது. ஆனால் வேறு யார்?

மலைப் பாதையில் ஒரு ஜெர்மன் தளபதி என் நடையைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான். இதை எழுதும்போது என் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கும் புவேனா, அண்ணா, அது தபால்காரர், வேர்வை துடைச்சுக்கிட்டார் என்கிறாள். அவளுக்கு எழுதத் தெரியாது, திருத்த மட்டும் தெரியும்.

துறைமுகத்தில் எனக்குப் பழைய வேலை கிடைத்துவிட்டது. நம் தெருவில் யூதர் என்று இப்போது நாங்கள்தான். ஜெர்மன்காரர்கள் ரயிலில் ஏற்றிக்கொண்டு போனவர்களைப் பற்றி இன்னும் செய்தி இல்லை. அதை நேரில் பேசுவோம்.

இனி பலோம்பாவைப் பற்றி. கிளி மாதிரிப் பேசுகிறாள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதினால் கையை உடைப்பேன் என்கிறாள் உங்கள் மனைவி. ஆகவே உள்ளபடி எழுதுகிறேன். குழந்தை பேசுவதில்லை.

அவள் கிரேக்கம் பேசினால் நம் வீட்டு ஸ்பானிய ராகம் தெரிந்துவிடும். ஒரு வார்த்தை போதும், நாம் யூதர் என்று காட்டிக்கொடுக்க. அதனால் மலைக் கிராமத்தில் எங்களுக்கு இடம் கொடுத்தவரை விட்டு அவளை ஊமை என்று சொல்லவைத்தேன். "நீ வாயைத் தொறந்தா அம்மாவைப் புடிச்சிட்டுப் போயிடுவாங்க" என்று நான்தான் சொன்னேன். அவள் அழாமலிருக்க, நாளைக்குச் சண்டை முடிஞ்சிரும் பாரு என்றும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா வெள்ளைக் குதிரையில் வருவார் என்றேன். குதிரைக்குக் காலில் அடி, அடுத்த ஞாயிறு என்றேன். என் ராகமும் அதேதான். ஊரார் முன்னால் என்னாலும் வாய் திறக்க முடியவில்லை. சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் அந்தக் குழந்தையின் காதில்தான் கொட்டினேன்.

நம் பக்கத்துச் சண்டை நிஜமாகவே முடிந்து ஜெர்மன்காரர்கள் ஊரைவிட்டுப் போனதும், பேசலாம்டா கண்ணு என்றேன். புவேனாவும் கெஞ்சினாள். குழந்தை என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆட்டுக்குத் தழை போடப் போய்விட்டாள்.

பஸ்கா விருந்தில் பேசிவிடுவாள் என்று நம்பினேன். முன்னோர் எகிப்தைவிட்டுத் தப்பி ஓடியதை நினைத்து, கடைக்குட்டியின் தோளில் புளிக்காத ரொட்டி மூட்டையை ஏற்றி, எங்கேயிருந்து வர்றே என்று கேட்பதும், எகிப்திலேருந்து என்று பிள்ளை பதில் சொல்வதும் இல்லாமல் நமக்குப் பஸ்கா ஏது? நீங்கள் இருந்த கடைசி பஸ்காவில் அவள் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப்பார்த்தாரே. அதனால், மலையிலிருந்து மற்றத் தெருக்களுக்குத் திரும்பி வந்த நம்மவர் சிலரை வரச்சொல்லி, இன்னிக்கு என் மருமக பேசப்போறா பாருங்க என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

மூட்டையை நானே அவள் தோளில் வைத்து, "எங்கேயிருந்து வர்றே?" என்று கேட்டேன்.

மாப்பிள்ளை, அவள் மூலைக்குப் போனாள். காலணியைப் போட்டுக் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். அம்மாவின் காலணியையும் எடுத்துவந்து அவள் கால் அருகே வைத்தாள். பிறகு உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு கதவோரம் நின்றாள்.

மறுபடி ஓடப் போகிறோம் என்று நினைத்துவிட்டாள். மேசையில் யாரும் ரொட்டியைத் தொடவில்லை.

நான் மண்டியிட்டு, எல்லாம் முடிஞ்சு போச்சு, இனிமே ஓட வேணாம் என்று சொன்னேன். நான் பிடித்த மீனின் நீளத்தைச் சொல்லும்போது துறைமுகத்து ஆட்கள் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள். கோபமில்லை. பாவம் மாமா என்பதுபோல் என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள். காலணியைக் கழற்றவில்லை. அப்படியே தூங்கினாள்.

காலையில் புவேனா சொன்னாள்: "உன்னைக் குத்தம் சொல்லலை அண்ணா. உன் கதையாலதான் புள்ளை உசிரோட இருந்தா. ஆனா அவளுக்கு இப்ப உன் நெசமும் கதைதான்."

மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனாலும் வாயால் பிழைத்தவன் நான். என் வாயில் உண்மை இருக்கும்போது அது செல்லாமல் போகும் என்று நினைத்ததே இல்லை.

நீங்கள் வார்த்தையை அளந்து பேசுகிறவர். கிண்டல் செய்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விடுப்புக் கேளுங்கள். அதிகாரி மறுத்தால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள், தபால்காரர் விஷயத்தை மட்டும் மறைத்துவிட்டு. வந்ததும் அவளைப் பேசச் சொல்லாதீர்கள். பரிசு வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, முடிந்துவிட்டது என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள்.

அப்போது நான் வீட்டில் இருக்கமாட்டேன். துறைமுகத்தில் இருப்பேன். என் முகத்தைப் பார்த்தால் அவள் உங்களையும் நம்பாமல் போய்விடக்கூடும். அவள் காலணியைக் கழற்றிய பிறகு ஆள் அனுப்புங்கள், வருகிறேன்.

ஆண்டவன் உங்கள் கப்பலுக்கு அமைதியான கடலைத் தரட்டும்.

உங்கள் மைத்துனன்,
விதால்